எடிசனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: ஊர்க்கதையைத் தேடிப் பிடிக்கும் வழி

நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பம் முதல் மாதத்திலேயே சில விஷயங்களைத் தெரிந்துகொண்டுவிடும். மெட்ரோபார்க் ரயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், சனிக்கிழமை மாலை ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கம் ஏன் காரைத் திருப்பக்கூடாது, எந்தப் பள்ளிக்கூட எல்லைக்குள் வாடகை எவ்வளவு கூடும். ஊரின் வரலாறு அந்தப் பட்டியலில் வராது. பிள்ளைக்குப் பள்ளியில் 'உங்கள் ஊரைப் பற்றி எழுதி வா' என்று ப்ராஜெக்ட் கொடுக்கும்போதுதான் வீட்டில் எல்லோரும் முழிப்போம். 'பல்பு கண்டுபிடித்த ஊர்' என்ற ஒரு வரிக்குமேல் ஓடாது.

அதில் நம் குற்றம் மட்டும் இல்லை. எடிசனுக்கு நடு என்று ஒன்று கிடையாது. 2020 கணக்கெடுப்பில் 1,07,588 பேர் இருந்த ஊர். ஆனால் 'ஊருக்குள் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்ல ஒரு கடைவீதியோ சதுக்கமோ இல்லை. ஹைவே, மால், அபார்ட்மெண்ட் வளாகம், வேர்ஹவுஸ், மறுபடியும் ஹைவே. எல்லாமே நேற்றுக் கட்டியதுபோல இருக்கும். பெரும்பகுதி அப்படித்தான்: 1950-ல் இங்கே 16,348 பேர், பத்தே வருடத்தில் அது 44,799 ஆனது. அந்த வீடுகளுக்கு அடியில் முந்நூற்றைம்பது வருடக் கதை கிடக்கிறது. அது கண்ணில் படாததற்கு முக்கியக் காரணம் பெயர்கள். இந்தப் பக்கத்து ஊர்கள் பெயரை மாற்றிக்கொண்டும், ஒன்றின் பெயரை இன்னொன்று வைத்துக்கொண்டும் வந்திருக்கின்றன. ஆகவே தேடல் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை: நீங்கள் இருப்பது எந்த ஊர் என்று உறுதி செய்வது

சிரிக்காதீர்கள். கடிதத்தில் வரும் முகவரி தபால் துறையின் வசதிக்கு. ஊராட்சி எல்லை வேறு கணக்கு. வீட்டு வரி ரசீதிலோ, வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டோ, எந்த முனிசிபாலிட்டி என்று பாருங்கள். குப்பை வண்டி, பள்ளி, போலீஸ், நூலக அட்டை எல்லாமே அதை வைத்துத்தான்.

'ஐசலினில் இருக்கிறேன்' என்று பலர் சொல்வார்கள். ஐசலின் தனி ஊராட்சி அல்ல. பக்கத்து உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. ஓக் ட்ரீ ரோட்டில் நாம் இட்லி மாவு வாங்கும் கடை எடிசனிலா, ஐசலினிலா என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லை அங்கே கலந்து ஓடுகிறது. மெட்ரோபார்க் ரயில் நிலையமும் ஐசலின் பக்கம்தான். எடிசன் என்ற பெயரோடு இருக்கும் சிறிய ரயில் நிலையம் வேறு.

அடுத்தது மெட்டச்சன். எடிசனை ஒரு மெதுவடையாக நினைத்தால் அதன் ஓட்டை மெட்டச்சன். நான்கு பக்கமும் எடிசன், நடுவில் இது மட்டும் தனி பரோ, அதாவது தனி நிர்வாகம் உள்ள சிற்றூர். கடைவீதி, பழைய வீடுகள், நடந்தே போகக்கூடிய ரயில் நிலையம் என்று எடிசனுக்கு இல்லாத நடு அங்கே இருப்பது தற்செயல் அல்ல. 1900-ல் அந்த மையத்தைத்தான் அவர்கள் பிரித்துக்கொண்டு போனார்கள். 1905-ல் ஹைலண்ட் பார்க்கும் பிரிந்தது. மிச்சமிருந்த வயல், காடு, சாலையோரக் குடியிருப்புகள்தான் பிற்காலத்து எடிசன். ஊர் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது: பழைய பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

1954 நவம்பருக்கு முன்னால் இந்த ஊருக்கு எடிசன் என்ற பெயரே இல்லை. 1870 மார்ச் 17-ல் பிஸ்காட்டவே, உட்பிரிட்ஜ் இரண்டிலிருந்தும் நிலம் எடுத்து உருவாக்கியபோது வைத்த பெயர் ராரிட்டன் டவுன்ஷிப். பழைய கணக்கெடுப்பு, பத்திரம், செய்தித்தாள் எதிலும் 'எடிசன்' என்று தேடினால் விஞ்ஞானியைப் பற்றிய செய்திகள்தான் கொட்டும், ஊர் வராது. 'ராரிட்டன் டவுன்ஷிப், மிடில்செக்ஸ் கவுண்டி' என்று தேட வேண்டும்.

கவுண்டி, அதாவது மாவட்டத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் ராரிட்டன்கள் அதிகம். ஹண்டர்டன் கவுண்டியில் இன்றும் ஒரு ராரிட்டன் டவுன்ஷிப் இருக்கிறது. சாமர்செட் கவுண்டியில் ராரிட்டன் என்றே ஒரு பரோ இருக்கிறது. மான்மத் கவுண்டியில் ஒன்று இருந்தது. அது 1967-ல் ஹேஸ்லட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ராரிட்டன் ஆற்றின் பெயரைக் குடாக்கரை வரைக்கும் எல்லோரும் எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

ஊருக்குள்ளேயும் பகுதிப் பெயர்கள் உண்டு: மென்லோ பார்க், ஸ்டெல்டன், போன்ஹம்டவுன், நிக்சன், ஓக் ட்ரீ, நியூ டர்ஹம், கிளாரா பார்ட்டன், பாட்டர்ஸ் கிராசிங், பிஸ்காட்டவேடவுன். கடைசியாகச் சொன்னது ஆளைக் குழப்பும். பிஸ்காட்டவே டவுன்ஷிப் என்று பக்கத்தில் ஒரு தனி ஊர் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய பிஸ்காட்டவேயின் மூலக் குடியிருப்பு இருந்த இடம் இன்று எடிசனுக்குள் வந்துவிட்டது. உங்கள் வீடு இந்தப் பகுதிகளில் எதில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் வரைபடம் சொல்லாது. பக்கத்து வீட்டில் நாற்பது வருடமாக இருப்பவர் சொல்வார்.

மூன்றாவது: ஒரு சனிக்கிழமை காலை, நான்கு இடங்கள்

காகிதத்துக்குள் இறங்குவதற்கு முன் ஊரைக் காலால் பாருங்கள். கார் வேண்டும், இந்த ஊரில் நடந்து இணைக்க முடியாது.

உட்பிரிட்ஜ் அவென்யூவில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் தொடங்கலாம். 1835-ல் சூறாவளி பழைய கட்டடத்தைச் சாய்த்துவிட, மறு வருடம் கட்டியது இப்போது நிற்கும் வெள்ளைத் தேவாலயம். பார்க்க வேண்டியது அதன் கல்லறைத் தோட்டம். 1693-ல் விஷக் காளான் தின்று இறந்த ஹூப்பர் சகோதரர்கள் இருவரின் கல்லறைக்கல் அங்கே இருக்கிறது. எப்படி இறந்தார்கள் என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அடுத்து பார்க்கப்போகும் எடிசன் நினைவுக் கோபுரத்தைவிட இதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் புல்வெளிதான் பிஸ்காட்டவேடவுனின் பொது மைதானம். ஊருக்கு நடு என்று ஒன்று இருந்தது என்றால் அது இங்கேதான்.

அடுத்து கிறிஸ்டி தெரு. தாமஸ் ஆல்வா எடிசன் 1876-ல் மென்லோ பார்க்குக்கு ஆய்வுக்கூடத்தோடு வந்தார். அப்போது இது வீடு விற்காமல் தோற்றுப்போன ஒரு ரியல் எஸ்டேட் திட்டம். நிலம் மலிவு, ரயில் பாதை பக்கத்தில், நியூயார்க் எட்டும் தூரம். கிட்டத்தட்ட நாம் வீடு தேடும்போது பார்க்கும் அதே மூன்று காரணம். 1877-ல் ஒலியைப் பதிவு செய்யும் போனோகிராஃப் இங்கேதான் பேசியது. 1879 அக்டோபரில் கரிந்த நூலிழை விளக்கு எரிந்தது. அந்த வருடக் கடைசி நாள் இரவில் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்காகப் பென்சில்வேனியா ரயில்ரோடு சிறப்பு ரயில் விட்டது. மின்விளக்கு எரிந்த முதல் தெரு என்று கிறிஸ்டி தெருவைச் சொல்வது அதனால்தான்.

எடிசன் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்ததாக நாம் பள்ளியில் படித்த கதையை இந்தத் தெருவில் நின்று திருத்திக்கொள்ளலாம். கணக்குப் போட ஃபிரான்சிஸ் அப்டன், கருவி செய்ய ஜான் குரூசி, எல்லாவற்றிலும் கூட நின்ற சார்லஸ் பேச்சலர், கண்ணாடி ஊத லுட்விக் போஹம். குரூசி சுவிட்சர்லாந்திலிருந்தும் பேச்சலர் இங்கிலாந்திலிருந்தும் போஹம் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்கள். வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்த தொழில்நுட்ப ஆட்களால் எடிசன் நிரம்பியிருப்பது புதிய விஷயம் அல்ல என்று இதை வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். இவர்களில் பலர் சாரா ஜோர்டன் என்ற பெண்மணி நடத்திய விடுதியில் தங்கிச் சாப்பிட்டார்கள். அந்த விடுதியிலும் எடிசனின் விளக்கு எரிந்தது.

ஆய்வுக்கூடத்தைத் தேடாதீர்கள், அது இங்கே இல்லை. எடிசன் 1880-களில் நியூயார்க்குக்கும் பிறகு வெஸ்ட் ஆரஞ்சுக்கும் போய்விட்டார். அவருடைய முதல் மனைவி மேரி 1884-ல் இங்கேதான் இறந்தார். அதற்குப் பிறகு அவர் மென்லோ பார்க்கில் தங்கவில்லை. கட்டடங்கள் பாழடைந்தன. 1920-களின் கடைசியில் ஹென்றி ஃபோர்டு மிச்சம் மீதியைத் திரட்டி, இங்கிருந்து மண்ணைக்கூட ரயிலில் ஏற்றி, மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் ஆய்வுக்கூடத்தை மறுபடி எழுப்பினார். சாரா ஜோர்டனின் விடுதியும் அங்கேதான் இருக்கிறது. ஆக 'எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம்' பார்க்க ஆசைப்பட்டால் விமானம் ஏற வேண்டும். வெஸ்ட் ஆரஞ்சில் தேசியப் பூங்காத் துறை காட்டுவது அவருடைய பிற்கால ஆய்வுக்கூடம். அதுவும் நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு கதை.

இங்கே நிற்பது 131 அடி உயர நினைவுக் கோபுரம். எடிசனின் பிறந்தநாளான பிப்ரவரி 11 அன்று, 1938-ல் திறந்தார்கள். உச்சியில் பதிமூன்று அடிக்கும் கூடுதலான கண்ணாடி பல்பு. கோபுரத்தின் கான்கிரீட்டுக்கு எடிசன் தொடங்கிய கம்பெனியின் சிமெண்ட்டையே போட்டார்கள். சிமெண்ட் வியாபாரத்திலும் அவர் கை வைத்திருந்தது பலருக்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள அருங்காட்சியகம் மிகச் சிறியது, வாரத்தில் சில நாள்தான் திறக்கும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே பழைய போனோகிராஃபை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விளக்கம் சொல்பவர்கள் ஆர்வமானவர்கள்.

மூன்றாவது, மென்லோ பார்க் மால் பக்கத்திலேயே இருக்கும் ரூஸ்வெல்ட் பார்க். மாலுக்குப் போகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறோம். உள்ளே வேலண்ட் கிரெகரி என்ற சிற்பி 1938-ல் முடித்த பெரிய நீரூற்றுச் சிற்பம் இருக்கிறது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்த திட்டத்தில் செய்தது. அறிவின் ஒளி தீமைகளை விரட்டுவதாகக் கருத்து. தீமைகளில் சில குதிரையேறிக்கொண்டு ஓடும். கொஞ்சம் விகாரமாகத்தான் இருக்கும், எனக்குப் பிடிக்கும்.

நான்காவது ஓக் ட்ரீ ரோடும் நியூ டோவர் ரோடும் சந்திக்கும் பக்கம் இருக்கும் ஓக் ட்ரீ குளம். 1777 ஜூன் 26-ல் பிரிட்டிஷ் படைக்கும் வாஷிங்டனின் படைப்பிரிவு ஒன்றுக்கும் நடந்த ஷார்ட் ஹில்ஸ் சண்டையின் ஒரு பகுதி இங்கே நடந்தது. மறுபடியும் பெயர்ச் சிக்கல்: ஷார்ட் ஹில்ஸ் என்றதும் மில்பர்ன் பக்கம் இருக்கும் பெரிய மால் நினைவுக்கு வரும். சண்டைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் இல்லை. எடிசன், ஸ்காட்ச் பிளெயின்ஸ் பக்கத்து மேடுகளுக்கு அன்று அந்தப் பெயர். அரிசி வாங்கப் போகும் ரோட்டில் இப்படி ஒன்று நடந்ததென்று சொன்னால் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் இறங்கிப் பார்ப்பார்கள்.

நான்காவது: பெயர்ப்பலகை இல்லாத இடங்கள்

என்னைக் கேட்டால் ஊரின் உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது. பல்பைவிட வெடிமருந்தும் மோட்டாரும்தான் இந்த நிலத்தை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தன.

வேர்ஹவுஸ்கள் நிறைந்த ராரிட்டன் சென்டரில் நம் ஆட்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். கல்யாண வரவேற்பு, எக்ஸ்போ என்று போகாதவர்கள் குறைவு. முதல் உலகப்போரின்போது 1917-ல் ராணுவம் தொடங்கிய ராரிட்டன் ஆர்சனல் என்ற வெடிமருந்துக் கிடங்கின் நிலம் அது. 1960-களின் தொடக்கத்தில் மூடினார்கள். மிடில்செக்ஸ் கல்லூரியும் அந்த நிலத்தில்தான் எழுந்தது. பழைய ராணுவக் கட்டடங்கள் சிலவற்றில் இன்றும் வகுப்பு நடக்கிறது. நிலத்தடியில் மிஞ்சிய வெடிபொருளையும் மாசையும் அகற்றும் வேலையை ராணுவப் பொறியாளர் பிரிவு மிக நீண்ட காலமாகச் செய்துவருகிறது. அந்தப் பக்கம் வீடோ கடையோ வாங்குவதாக இருந்தால் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வரலாறு படிப்பது பணத்துக்கு உதவும் இடம் இது.

நிக்சன் பகுதிக்குப் பெயர் கொடுத்தவர் ஜனாதிபதி நிக்சன் அல்ல. கப்பல் கட்டிய லூயிஸ் நிக்சன். அவருடைய நைட்ரேஷன் ஆலை வளாகத்தில் 1924 மார்ச் 1-ல் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, தீ பரவி, சுமார் 20 பேர் இறந்தார்கள். சுற்றியிருந்த குடியிருப்பே அழிந்தது.

கேம்ப் கில்மர் எடிசனுக்கும் பிஸ்காட்டவேக்கும் நடுவில் பரந்து கிடந்த ராணுவ முகாம். நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்து முதல் உலகப்போரில் இறந்த கவிஞர் ஜாய்ஸ் கில்மரின் பெயர். 1942-ல் தொடங்கி, ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர்களும் போர் முடிந்து திரும்பியவர்களுமாக இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இதன் வழியாகப் போனார்கள். 1956 புரட்சி நசுக்கப்பட்ட பிறகு தப்பி வந்த ஹங்கேரி அகதிகள் 30,000-க்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் முதலில் தங்கவைக்கப்பட்டதும் இங்கேதான். பக்கத்து நியூ பிரன்ஸ்விக்கில் ஹங்கேரியத் தேவாலயங்களைப் பார்த்தால் வியக்காதீர்கள். முகாமின் ஒரு பகுதி இன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் வளாகம். நம் பிள்ளைகள் படிப்பது.

ரூட் 1-ல் ஃபோர்டு தொழிற்சாலை 1948-லிருந்து 2004 வரை ஓடியது. 1960-களில் மஸ்டாங், கடைசிக் காலத்தில் ரேஞ்சர் பிக்கப். ஆலை நின்றது எடிசனில். பழைய ஆவணங்களில் அதன் பெயர் மெட்டச்சன் அசெம்பிளி. பெயரை நம்பி மெட்டச்சனில் தேடினால் கிடைக்காது. ஆலை இருந்த இடத்தில் இப்போது கடைகள். வயதான அக்கம்பக்கத்தாரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி இல்லை. 'இங்கே ஃபோர்டு ஆலை இருந்ததாமே' என்று கேளுங்கள், அவரோ, அண்ணனோ, மாமனாரோ அங்கே வேலை பார்த்திருப்பார்.

1994 மார்ச் 23 நள்ளிரவுக்குச் சற்று முன்னால் டர்ஹம் உட்ஸ் அபார்ட்மெண்ட் அருகே 36 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்தது. தீ பல மைல் தூரத்துக்குத் தெரிந்தது, பல கட்டடங்கள் எரிந்து போயின. நூற்றுக்கணக்கானோர் உயிரோடு ஓடித் தப்பினார்கள் என்பதே பெரிய விஷயம். முன்பு எப்போதோ மண் தோண்டும்போது குழாயில் விழுந்த கீறல்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதனால் ஒரு நடைமுறைச் சொல்: கொல்லையில் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் கூரை போட, வேலிக்குக் கால் நட என்று எதற்குத் தோண்டினாலும் முன்கூட்டியே 811-ஐ அழையுங்கள். வந்து குழாய், கம்பி போகும் இடத்தைக் குறித்துத் தருவார்கள். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட.

ஐந்தாவது: காகிதங்கள்

நூலக அட்டையை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். முகவரிச் சான்று வேண்டும். பிளெயின்ஃபீல்ட் அவென்யூவில் தலைமை நூலகம், குரோவ் அவென்யூவில் வடக்கு எடிசன் கிளை, கிளாரா பார்ட்டனில் இன்னொன்று. கவுண்டரில் 'உள்ளூர் வரலாறு' என்று மொத்தமாகக் கேட்காமல், 'என் தெரு 1950-க்கு முன்னால் என்னவாக இருந்தது' என்று குறிப்பாகக் கேளுங்கள். நூலகருக்கும் வேலை பிடித்துப்போகும். மெட்டச்சன், எடிசன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரலாற்றுச் சங்கம் இருக்கிறது. கூட்டங்களுக்கு யாரும் போகலாம். நம் முகம் அங்கே அதிகம் தென்படாது, அதனாலேயே வரவேற்பு பலமாக இருக்கும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸின் அலெக்சாண்டர் நூலகம். நியூ ஜெர்சி பற்றிய சேகரிப்பு அங்கேதான் பெரிது, மாணவர் அல்லாதவர்களும் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை மூன்று. 1950 கணக்கெடுப்பின் கைப்பட எழுதிய தாள்கள் 72 வருடக் கெடு முடிந்து 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். ராரிட்டன் டவுன்ஷிப் என்று போட்டுத் தேடுங்கள், தெருப் பெயரோடு யார் இருந்தார், என்ன வேலை என்று வரும். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் வரைபடத் தளத்தில் 1930-ல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் உண்டு. உங்கள் அபார்ட்மெண்ட் இருக்கும் இடத்தில் வயலோ தோப்போ தெரியும். வீடு சொந்தமானால், நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் பத்திரப் பதிவுகளில் ஒவ்வொரு உரிமையாளராகப் பின்னோக்கிப் போகலாம். நம்மூர் வில்லங்கச் சான்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதே அல்ல.

டவுன்ஷிப் வைத்திருக்கும் பழைய தீர்மானம், வரைபடம், கடித நகல் வேண்டுமானால் 'ஓப்ரா' விண்ணப்பம் போடுங்கள். நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இணையான மாநிலச் சட்டம். டவுன்ஷிப் கிளார்க்குக்கு விண்ணப்பம். சாதாரணமாக ஏழு வேலை நாளில் பதில் வர வேண்டும். குடியுரிமை தேவையில்லை, விசா என்ன என்று கேட்கவும் மாட்டார்கள். ஆவணத்தைத் துல்லியமாகக் குறிப்பிட்டுக் கேட்பதுதான் முக்கியம். 'எல்லாவற்றையும் தாருங்கள்' என்றால் நிராகரிப்பார்கள்.

செய்தித்தாளுக்கும் பெயர் மாற்றம் உண்டு. நியூ பிரன்ஸ்விக்கின் ஹோம் நியூஸும் உட்பிரிட்ஜின் நியூஸ் டிரிப்யூனும் 1995-ல் ஒன்றாகி ஹோம் நியூஸ் டிரிப்யூன் ஆயின. அதற்கு முந்தைய செய்திக்கு இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

ஆறாவது: பிரபலங்களின் பட்டியலைச் சலித்தெடுப்பது

இணையத்தில் 'எடிசனின் பிரபலங்கள்' என்று நீளமான பட்டியல் கிடைக்கும். ப்ராஜெக்டுக்கு அப்படியே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறந்தாரா, வளர்ந்தாரா, வேலை பார்த்தாரா என்று கேளுங்கள்.

கூடைப்பந்து வீரர் கார்ல் அந்தோணி டவுன்ஸ் 1995-ல் எடிசனில் பிறந்தவர். வளர்ந்தது பிஸ்காட்டவேயில், பள்ளி மெட்டச்சனில். பெரிய மருத்துவமனை எடிசனில் இருப்பதால் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளின் பிறந்த ஊர்க் கட்டத்தில் எடிசன் விழுந்துவிடும். நேர்மாறாக, நடிகை சூசன் சரண்டன் பிறந்தது நியூயார்க் நகரில். ஆனால் எடிசனில் வளர்ந்து 1964-ல் எடிசன் ஹைஸ்கூலில் படிப்பு முடித்தவர். நடிகை பிரிட்டனி மர்ஃபியும் அட்லாண்டாவில் பிறந்து இங்கே வளர்ந்தவர். 2009-ல் இளவயதிலேயே இறந்துபோனார். மந்திர வித்தைக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்டை எடிசன் பக்கம் இழுக்காதீர்கள், அவர் மெட்டச்சன்.

அதிகம் பேசப்படாத, பேசப்பட வேண்டிய பெயர் நடிகை கெயில் ஃபிஷர். கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த பாட்டர்ஸ் கிராசிங் பகுதியில் வளர்ந்தவர். 1970-ல் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்று, நடிப்புக்காக அந்த விருதை வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். பாட்டர்ஸ் கிராசிங் என்று எங்கும் பெரிய பலகை இல்லை. எடிசனின் பழைய குடிகள் என்றால் ஐரிஷ், இத்தாலியர், ஹங்கேரியர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே திருத்தம்.

சரி, ஊருக்குப் பெயர் கொடுத்தவர்? பத்து வருடம்கூட முழுதாக இங்கே வாழவில்லை. ஆனால் நானூறு காப்புரிமை அளவுக்கு இங்கிருந்து போனது. அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லமாட்டேன்.

ஏழாவது: நம் பங்கைப் பதிவு செய்வது

1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் முதலில் இங்கே சிதறித்தான் குடியேறினார்கள். 1980-களின் கடைசியிலும் 90-களிலும் ஓக் ட்ரீ ரோட்டில் காலியாகக் கிடந்த கடைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. ராரிட்டன் சென்டரில் கூடாரம் போட்டு நடந்த குஜராத்திகளின் நவராத்திரி விழாவுக்கு டவுன்ஷிப் நேரக் கட்டுப்பாடும் வேறு நிபந்தனைகளும் கொண்டுவந்தது. நடத்தியவர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் 1996-ல் தங்களுக்குச் சாதகமாக உத்தரவு பெற்றார்கள். 2010-ல் இங்கேயே வளர்ந்த ஜோயல் ஸ்டைன் டைம் இதழில் இந்தியர்களால் மாறிப்போன தன் ஊரைக் கிண்டலடித்து எழுத, பெரிய எதிர்ப்பு கிளம்பி, இதழும் அவரும் வருத்தம் தெரிவித்தார்கள். 2006-ல் கொரிய வம்சாவளியினரான ஜுன் சோய் மேயரானார். 2022 ஜனவரியில் சாம் ஜோஷி ஊரின் முதல் இந்திய வம்சாவளி மேயராகப் பதவியேற்றார்.

நீதிமன்ற வழக்கும் தேர்தலும் எப்படியும் பதிவாகிவிடும். பதிவாகாதது மற்றதெல்லாம்: முதலில் இட்லி அரிசி விற்றவர் யார், தமிழ் வகுப்பு யாருடைய பேஸ்மெண்ட்டில் தொடங்கியது, பொங்கலுக்கு எந்தப் பள்ளி அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார்கள். எண்பதுகளில் வந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சிலர் பிள்ளைகளோடு வேறு மாநிலம் போய்விட்டார்கள். ஒரு மாமாவையோ மாமியையோ உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். 'உங்கள் அனுபவம் எப்படி' என்று கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருந்துது' என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். 'முதல் கார் என்ன கார், எங்கே வாங்கினீங்க' என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் ஓடும். போனிலேயே பதிவு செய்யலாம், அனுமதி கேட்டுவிட்டு. அரசியலைக் கடைசியில் எடுங்கள்.

பதிவையும் படங்களையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு மறந்துவிடாதீர்கள். அடுத்த போன் மாற்றும்போது போய்விடும். பிலடெல்பியாவில் இயங்கும் தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகம், சுருக்கமாக 'சாடா', இப்படிப்பட்டவற்றை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறது. மூலப் படத்தை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதில்லை, ஸ்கேன் போதும். அனுப்புவதற்கு முன் அச்சுப் படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் வருடம், படத்தில் இருப்பவர்கள், இடம் மூன்றையும் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். இடம் எழுதும்போது கடைப் பெயரை மட்டும் போடாமல் கதவு எண்ணையும், எடிசனா ஐசலினா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.